திறந்த திரை எங்கே போய் நிற்கும்? இடக்கு ஜன்னல்களுக்கான கணக்கு

சுவரின் நடுவில், இருபுறமும் ஒன்றரை அடி வெற்றுச் சுவரோடு இருக்கும் ஜன்னலுக்கு யாரும் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. ராடு மாட்டி இரண்டு திரையைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. படுக்கையறைகளில் தலைவலி கொடுப்பவை வேறு ஜன்னல்கள். ஒன்று சுவர் மூலையை ஒட்டியே நிற்கும். இன்னொன்று கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகி நிற்கும். வேறொன்றுக்கும் மேலே இருக்கும் பரணுக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இருக்காது.

இப்படிப்பட்ட ஜன்னலுக்குத் துணியும் நிறமும் பார்க்கப் புறப்படும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்: திரையைத் திறந்து ஒதுக்கினால் அந்தத் துணி முழுவதும் எங்கே போய் நிற்கும்? திரை மூடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்து வாங்குவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பகல் முழுக்க நம் கண்ணில் படுவது திறந்த திரை. ஒதுங்க இடமில்லாத துணி கண்ணாடியின் மேலேயே குவிந்து நின்று, வெளிச்சத்தையும் காற்றையும் நாள் முழுவதும் மறித்துக்கொண்டிருக்கும்.

துணித் திரை பக்கவாட்டில் ஒதுங்கும். மூடும்போது அது மறைக்கும் அகலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதற்கு இடம் வேண்டும். ரோமன் பிளைண்ட் மேல்நோக்கி மடியும், 150 செ.மீ. உயரமுள்ளது மடிந்தபின் 20 முதல் 25 செ.மீ. வரை தொங்கும். ரோலர் பிளைண்டின் சுருளுக்கு 5 முதல் 7 செ.மீ. போதும். தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட ஹனிகோம்ப் பிளைண்ட் 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஆகவே பக்கத்தில் இடமில்லாத ஜன்னலுக்கு மேலே ஒதுங்குவதையும், மேலே இடமில்லாததற்குப் பக்கத்தில் ஒதுங்குவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலும் மேலேயும் இடமில்லை என்றால் ரோலர் அல்லது ஹனிகோம்ப். துணி, நிறம், டிசைன் எல்லாம் இந்த முடிவுக்குப் பிறகுதான்.

அளவு எடுக்கும்போது

துணி டேப் வேண்டாம், அது இழுபடும். இரும்பு டேப்பில் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் எடுங்கள். உயரத்தையும் அப்படியே மூன்று இடங்களில். பூச்சு வேலை எங்கேயும் நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை. ஒரே ஜன்னலில் மேலுக்கும் கீழுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். பிளைண்டை ஜன்னல் பள்ளத்துக்குள், அதாவது சுவரின் கனத்துக்குள் ஜன்னல் உள்வாங்கியிருக்கும் இடத்தில், மாட்டுவதென்றால் மூன்றில் மிகச் சிறிய அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜன்னல் கோணலாக இருக்கிறது என்று பொருள். அங்கே உள்ளே மாட்டுவதை விட்டுவிட்டு, சுவரின் முகப்பில் மாட்டுவதே நல்லது.

பள்ளத்தின் ஆழத்தைக் கண்ணாடியிலிருந்து அளக்காதீர்கள். கைப்பிடி, கொண்டி, கொசுவலைச் சட்டம் என்று அறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பவற்றில் எது மிக அதிகமாக நீளுகிறதோ அதன் முனையிலிருந்து அளக்க வேண்டும். ஆழம் 9 செ.மீ. என்று நம்பி வாங்கிய பிளைண்ட், கைப்பிடி 4 செ.மீ. நீட்டியிருப்பதால் இறங்கும்போதெல்லாம் அதில் இடறும். ரோலர் பிளைண்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. துணி சுருளின் பின்பக்கமாக, கண்ணாடியை ஒட்டி இறங்குவது வழக்கமான முறை. ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் சுருளின் முன்பக்கமாக இறங்கும்படி மாற்றிச் சுற்றித் தருவார்கள். துணி சில சென்டிமீட்டர் முன்னுக்கு வந்து கைப்பிடியைத் தாண்டிவிடும். ஆனால் சுருள் கண்ணுக்குத் தெரியும், ஓரத்தில் கசியும் வெளிச்சமும் கொஞ்சம் கூடும்.

ஆர்டர் படிவத்தில் எழுதும் எண் ஜன்னல் பள்ளத்தின் அளவா, பிளைண்டின் இறுதி அளவா என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நீங்கள் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக் கொடுக்க, செய்பவரும் தன் பங்குக்கு ஒரு சென்டிமீட்டர் குறைத்தால், வந்து சேரும் பிளைண்டின் இருபக்கமும் வெளிச்சம் கோடு போடும்.

மூலையை ஒட்டிய ஜன்னல்

அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் இது என்பதால் எண்களோடு பார்ப்போம். ஜன்னல் அகலம் 120 செ.மீ. இடது ஓரத்திலிருந்து சுவர் மூலைக்கு 8 செ.மீ. மட்டும். வலப்பக்கம் 70 செ.மீ. வெற்றுச் சுவர்.

இங்கே பலர் வழக்கம்போல இரண்டு திரை போடுகிறார்கள். இடது திரை ஒதுங்கக் குறைந்தது 20 செ.மீ. வேண்டும், இருப்பது 8. மீதி 12 செ.மீ. துணி எப்போதும் கண்ணாடியின் மேல்தான் நிற்கும். ஒரே திரையாகத் தைத்து, முழுவதையும் வலப்பக்கம் ஒதுக்குவதுதான் சரி. திரை ஓடும் நீளம் 8 + 120 + 50, மொத்தம் 178 செ.மீ. வலப்பக்கம் விட்ட அந்த 50 செ.மீ.தான் துணி ஒதுங்கி நிற்கும் இடம்.

ஐலெட் வளையத் திரைக்கு இங்கே ஒரு தடை உண்டு. 25 மி.மீ. ராடு 150 செ.மீ.க்கு மேல் போனால் கனமான துணிக்கு நடுவில் தொய்யும், அதனால் நடு பிராக்கெட் வேண்டும். ஐலெட்டோ பிராக்கெட்டைத் தாண்டிப் போகாது. இரண்டு திரை என்றால் பிராக்கெட்டின் இருபுறமும் ஒன்று ஒன்றாக நின்றுவிடும். ஒற்றைத் திரை அங்கேயே மாட்டிக்கொள்ளும். எனவே இந்த இடத்துக்கு ட்ராக்தான் பொருத்தம். அதில் ரன்னர்கள் ட்ராக்கின் உள்ளே ஓடுவதால் எத்தனை பிராக்கெட் வைத்தாலும் தடையில்லை. ராடுதான் வேண்டும் என்று மனம் வைத்திருந்தால் தடித்த இரும்புக் குழாயும் எடை குறைந்த துணியும் எடுக்க வேண்டும். ராடின் இடது முனையில் குமிழ் வேண்டாம். மூலைச் சுவரிலேயே திருகும் கிண்ண வடிவ பிராக்கெட்டில் அதைச் செருகிவிடலாம்.

துணிக் கணக்கு இப்படி. ட்ராக் 178 செ.மீ. வலது முனையில் திரை சுவரை நோக்கித் திரும்ப இன்னும் 8 செ.மீ. ஆக மொத்தம் 186. மடிப்பு அழகாக விழ இதைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 372 செ.மீ. துணியின் அகலம் 137 செ.மீ. என்றால் மூன்று பன்னா (துணியின் முழு அகலத் துண்டு) சேர்த்தால் 411; தையலுக்கும் ஓர மடிப்புக்கும் 16 போனால் 395 நிற்கும், தாராளமாகப் போதும். உயரத்துக்கு: ட்ராக் தரையிலிருந்து 230 செ.மீ.யில் இருந்தால், தரையைத் தொடாமல் ஒரு செ.மீ. விட்டு 229. அடி மடிப்புக்கு 15, மேல் மடிப்புக்கு 8. ஒரு பன்னா 252 செ.மீ., மூன்றுக்கு 7.56 மீட்டர். 8 மீட்டர் வாங்கினால் பருத்தித் துணி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கினாலும் சமாளிக்கலாம். ஆனால் வெட்டும் முன்பே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். பெரிய பூ டிசைன் என்றால் ஒவ்வொரு பன்னாவிலும் டிசைன் நேராகச் சேர வேண்டும். அதற்காக ஒரு டிசைன் நீளத்தைப் பன்னா கணக்கில் கூட்டி வாங்குங்கள்.

அந்த 8 செ.மீ. திருப்பத்தைத் தையற்காரர்கள் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்குங்கள். திரையின் ஓரம் சுவரை நோக்கி மடங்கி, சுவரில் அடித்த ஒரு சிறு கொக்கியில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டு வெளிச்சம் நின்றுவிடும். விடிந்ததும் முகத்தில் விழும் அந்த ஒற்றைக் கோட்டு வெயில் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது.

ஜன்னலை ஒட்டி அலமாரி நிற்கிறது என்றாலும் கணக்கு இதேதான். 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரியின் பக்கவாட்டைச் சுவராகவே எண்ணிக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று: அலமாரி அடுத்த சுவரில், ஜன்னல் பக்கமாகக் கதவு திறக்கும்படி இருந்தால், ஒதுங்கிய திரை சுவரிலிருந்து 15 முதல் 17 செ.மீ. வரை துருத்தி நிற்கும். கதவு அதில் இடிக்கும். அங்கே துணித் திரையே வேண்டாம்.

தலைமாட்டுக்கு மேல், நடுவில் இல்லாமல்

கட்டிலுக்கு மேலே உள்ள ஜன்னலில் தரை வரை தொங்கும் திரை நடைமுறைக்கு ஒத்துவராது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் துணி நசுங்கும், தூசி சேரும், தலையணை உரசி அழுக்காகும், திறந்து மூட ஒவ்வொரு முறையும் கட்டிலில் ஏற வேண்டும். இங்கே பிளைண்ட்தான். மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கும் ஹனிகோம்ப் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கீழ்ப்பாதியை மூடி மேல்பாதியைத் திறந்து வைத்தால், எதிர்வீட்டுப் பார்வை படாமல் வெளிச்சம் மட்டும் வரும்.

தலைப்பலகையின் உயரத்தைக் கவனியுங்கள். அது ஜன்னலின் அடிவிளிம்புக்கு மேல் எழும்பியிருந்தால், சுவர் முகப்பில் மாட்டிய பிளைண்டின் அடிக்கட்டை பலகையில் முட்டி நிற்கும். பிளைண்டைப் பள்ளத்துக்குள்தான் மாட்ட வேண்டும். உள்ளே மாட்டினால் அடிக்கட்டையைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் சிறு கொக்கியோ காந்தமோ வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவர்களுக்கு இது அவசியம். காற்றில் அடிக்கட்டை சட்டத்தில் மோதும் டொக் டொக் சத்தம் தலைக்கு மேல் ஓர் அடியில் கேட்டால் யாரும் தூங்க முடியாது.

நடுவில் இல்லாத குறையைத் துணியால் சரிக்கட்டலாம். கட்டில் அகலம் 150 செ.மீ., ஜன்னல் அகலம் 90, ஜன்னலின் நடு கட்டிலின் நடுவிலிருந்து 30 செ.மீ. வலப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். கட்டில் நடுவிலிருந்து பார்த்தால் ஜன்னல் இடப்பக்கம் 15 செ.மீ.யில் தொடங்கி வலப்பக்கம் 75-இல் முடிகிறது. கட்டிலின் வலது ஓரமும் அதே 75. ராடை ஜன்னலுக்கு நடுவாக வைக்காமல் கட்டிலுக்கு நடுவாக, 200 செ.மீ. நீளத்துக்கு வையுங்கள். இரு முனையிலும் தலா ஒரு பன்னாத் திரை, கட்டிலின் இரு ஓரத்தில் 25 செ.மீ. அகலத்தில், தரை வரை, அசையாமல் நிற்கட்டும். இழுத்து மூடும் வேலை அவற்றுக்கு இல்லை, அதை உள்ளே இருக்கும் பிளைண்ட் பார்த்துக்கொள்ளும். வலது திரை ஜன்னல் முடியும் இடத்தில் சரியாகத் தொடங்குவதால் கண்ணாடியும் மறைவதில்லை. பிளைண்டின் நிறம் சுவரின் நிறத்தை ஒட்டி இருந்தால், கண் இரு திரைகளைத்தான் பார்க்கும். ஜன்னல் விலகியிருப்பது எடுபடாது.

கட்டிலோ தொட்டிலோ ஜன்னலுக்குக் கீழே இருந்தால், பிளைண்டின் கயிறும் மணிச்சங்கிலியும் குழந்தைகளின் கழுத்தில் சுருக்கிடக்கூடியவை. இதில் சமரசமே வேண்டாம். குழந்தை உறங்கும் அறையில் கயிறில்லாத ஸ்பிரிங் வகையை மட்டும் வாங்குங்கள். சங்கிலி உள்ளதை ஏற்கனவே மாட்டியிருந்தால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பை உடனே திருகுங்கள். தனிக் கயிறு என்றால் தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேலே கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். கட்டில் மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்த உயரமும் எட்டும் என்பதால் கட்டிலையும் அங்கிருந்து நகர்த்த வேண்டும்.

இரண்டு ஜன்னல் மூலையில் சேரும் இடம்

துணித் திரையை மூலையில் ஒதுக்காதீர்கள். இரண்டு பக்கத்துத் துணியும் சேர்ந்து மூலையே மூட்டை போலாகிவிடும். இரு திரைகளும் மூலையிலிருந்து விலகி வெளிப்பக்கம் ஒதுங்கட்டும். மூடும்போது மூலையில் சந்திக்கட்டும். ஒன்றின் ஓரத்தில் 5 செ.மீ. கூடுதல் துணி விட்டு வெல்க்ரோ தைத்தால் நடுவில் வெளிச்சம் வராது. பிளைண்ட் என்றால் முதல் ஜன்னலுடையது மூலை வரை போகலாம். இரண்டாவதன் அகலத்தில், முதல் பிளைண்ட் சுவரிலிருந்து துருத்தும் அளவைக் கழிக்க வேண்டும். அது 7 செ.மீ. என்றால் ஏழும், உரசாமல் இருக்க இன்னும் ஒன்றும். இந்தக் கழிவை மறந்தால் இரண்டாவது பிளைண்ட் மாட்டவே மாட்டாது.

கூரையருகே உள்ள சிறு ஜன்னல்

45 செ.மீ. உயர ஜன்னலுக்காகத் தரை வரை திரை போட்டால், கீழே உள்ள நல்ல சுவரை இழப்பீர்கள். அந்த உயரத்தில் அந்தரங்கப் பிரச்சினை குறைவு, விடியற்கால வெயில்தான் பிரச்சினை. உயரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வெயில் அறையின் மறுகோடி வரை எட்டும். பள்ளத்துக்குள் ஒரு சிறு ரோலர் போதும். சங்கிலியைக் கைக்கு எட்டும் நீளத்துக்குக் கேட்டு வாங்கி, சுவரோடு கிளிப் போடுங்கள்.

பனிபடர்ந்தாற்போன்ற ஃபிலிம் ஒட்டுவது பலருக்கும் தோன்றும் யோசனை. அது பார்வையை மறைக்கும், இருட்டைத் தராது. ஒட்டுவதானால், அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு ஷாம்பூ கலந்து கண்ணாடியை நன்றாக நனைத்து, ஃபிலிமை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரத்தில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விட்டால்தான் தண்ணீர் வெளியேறும். கண்ணாடி போல் மினுங்கும் ஒருவழி ஃபிலிம் பகலில் மட்டும்தான் வேலை செய்யும்; இரவில் அறையில் விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து உள்ளே தெரியும். கறுத்த, வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிமை இரட்டைக் கண்ணாடியிலோ கம்பிவலை பதித்த கண்ணாடியிலோ ஒட்டாதீர்கள். வெயில் படும் பகுதி அதிகமாகச் சூடேறி, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே இருப்பதால் கண்ணாடி விரிசல் விடலாம்.

ஏசி ஜன்னலுக்கு மேலே இருந்தால் ராடு ஏசிக்குக் கீழேதான் வர வேண்டும். சுவர் ஏசி மேல்பக்கமாகக் காற்றை இழுக்கிறது. அங்கே 10 முதல் 15 செ.மீ. திறந்திருக்க வேண்டும். பெல்மெட் (ராடை மறைக்கும் பெட்டி) போட்டு மூடினால் குளிர்ச்சி குறையும். உள்பக்கம் திறக்கும் கதவுள்ள ஜன்னலுக்கு ராடு கதவின் மேல்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யாவது உயரே இருக்க வேண்டும், துணி கீலைத் தாண்டி ஒதுங்க வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில் கதவுச் சட்டத்திலேயே பொருத்தும் சிறு பிளைண்ட் இருக்கிறது. அது கதவோடு சேர்ந்து திறக்கும்.

இருட்டு

வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி வாங்கியும் அறை இருட்டாகவில்லை என்ற குறைக்குக் காரணம் துணி அல்ல, ஓரங்கள். ரோலர் பிளைண்டில் துணி எப்போதும் பிராக்கெட்டுகளுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட 3 முதல் 3.5 செ.மீ. குறைவாகவே இருக்கும், சங்கிலிப் பக்கம் இடைவெளி சற்று அதிகம். பள்ளத்துக்குள் மாட்டினால் இருபுறமும் வெளிச்சக் கோடு உறுதி. இருட்டு முக்கியம் என்றால் சுவர் முகப்பில், இருபுறத்திலும் மேலேயும் 8 முதல் 10 செ.மீ. கூட்டி மாட்டுங்கள். மூலையை ஒட்டிய ஜன்னலில் சங்கிலி இல்லாத முனையை மூலைப் பக்கம் வையுங்கள். பிளாக்அவுட் துணியில் ஊசி போன இடமெல்லாம் வெயிலில் புள்ளி புள்ளியாக மின்னும். அதனால் அலங்காரத் தையல் வேண்டாம், லைனிங்கைத் தனித் திரையாகத் தொங்கவிடுங்கள். பூச்சு உள்ள லைனிங்கை வெந்நீரில் துவைத்தால் பூச்சு வெடிக்கும்.

துளை போடுவது

ராடு கழன்று விழுவதற்குப் பெரும்பாலான காரணம், பிளக் வெறும் பூச்சில் மட்டும் நின்றிருப்பது. பூச்சு 12 முதல் 20 மி.மீ. கனம். 25 மி.மீ. திருகு அதைத் தாண்டிச் சுவரை ஏறக்குறைய தொடவே இல்லை. 50 மி.மீ. திருகும் அதற்கேற்ற பிளக்கும் போடுங்கள். கனமான திரைக்கு 8 மி.மீ. பிளக். ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லின்டல். சாதாரண டிரில் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே போகாது. ஹேமர் டிரில்தான் வேண்டும். எடை குறைந்த நுண்துளைக் கட்டியில் (ஏஏசி பிளாக்) அதற்கு நேர்மாறு: ஹேமரை அணைத்துவிட்டுத் துளைத்து, நீளமான நைலான் பிளக் போட வேண்டும், இல்லையென்றால் துளை பொடிந்து அகன்றுவிடும். ஜன்னல் விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்குள் துளைத்தால் பூச்சு பெயர்ந்து வரும். அருகில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் ஓடும் என்று கொண்டு விலகிப் போங்கள்.

ஐலெட் திரை தொங்கும் ராடைச் சுவரிலிருந்து எத்தனை தள்ளி வைப்பது என்பதும் கணக்குதான். ஐலெட்டுகளுக்கு இடையே 15 செ.மீ. என்றால் ஒதுக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் ராடுக்குப் பின்னால் ஏழரை செ.மீ. போகும். ஆகவே ராடின் நடு சுவரிலிருந்து 8 முதல் 9 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 5 செ.மீ. பிராக்கெட்டில் மாட்டினால் துணி சுவரை உரசி, மடிப்பு கலைந்து, சரியாக ஒதுங்கவே ஒதுங்காது. ஐலெட் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும்.

ரசமட்டம் வைத்துக் குறித்த பிறகும், துளைக்கும் முன் ராடு வரும் உயரத்தில் ஒரு பழைய போர்வையை டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். ஜன்னலைத் திறந்து மூடுங்கள், அலமாரியைத் திறங்கள், கட்டிலில் படுத்துப் பாருங்கள், காலை வெயில் எந்த ஓரத்தில் நுழைகிறது என்று பென்சிலால் சுவரில் குறியுங்கள். திரை தைத்து வந்ததும் அடி மடிப்பை ஊசி குத்தி மட்டும் விட்டு ஒரு வாரம் தொங்கட்டும். கனமான துணி தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும், சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும். தரை மட்டத்தை மறுபடி பார்த்து, அதன் பிறகு அடியைத் தைத்துக்கொள்ளுங்கள்.